மும்பை வாடகை வீட்டில் வைஃபையைப் பூட்டுவது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு

வேலைக்காக மும்பை வந்து, செம்பூரிலோ முலுண்டிலோ டோம்பிவிலியிலோ வீடு பார்த்து, டெபாசிட் கட்டி, பதினோரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் அடுத்து வாங்குவது இணைய இணைப்புதான். ஆள் வருவார், சுவரில் துளை போட்டு வயரை இழுப்பார், பெட்டியை மாட்டுவார், உங்கள் போனில் ஒரு வீடியோ ஓடுவதைக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். நெட் வருகிறதா என்று பார்ப்பதோடு அவர் வேலை முடிந்தது. பெட்டியைப் பூட்டுவது நம் வேலை. நிதானமாகச் செய்தால் ஒரு மாலைப் பொழுது போதும். கணினி படித்திருக்க வேண்டியதில்லை.

எதற்காகப் பூட்ட வேண்டும்

"அன்லிமிடெட் பிளான்தானே, பக்கத்து வீட்டுப் பையன் கொஞ்சம் பார்த்தால் என்ன குறைந்துவிடும்?" என்று நல்ல மனசோடு கேட்பவர்கள் நம்மில் நிறையப் பேர். டேட்டா குறைவது ஒரு விஷயமே இல்லை. அந்த இணைப்பு உங்கள் பெயரில், உங்கள் அடையாள அட்டையை வைத்து வாங்கியது. அதன் வழியாக யார் எதை அனுப்பினாலும் வெளியுலகுக்குத் தெரிவது உங்கள் வீட்டு ஐபி முகவரிதான், அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண். விசாரணை என்று வந்தால் முதலில் தட்டப்படுவது உங்கள் கதவு.

இது மும்பையிலேயே நடந்தது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. போலீஸ் அதன் ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போனபோது, நவி மும்பையில் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டில் போய் நின்றது. யாரோ அவருடைய வைஃபையைப் பயன்படுத்தியிருந்தார்கள். அதே கும்பலின் அடுத்தடுத்த மின்னஞ்சல்கள் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் வைஃபையிலிருந்தும், செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபையிலிருந்தும் போயின. மாட்டுங்காவும் செம்பூரும் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடங்கள். 2009 தொடக்கத்தில் திறந்து கிடக்கும் வைஃபைகளைத் தேடி மும்பை போலீஸே தெருவில் இறங்கியது. இன்று பாஸ்வேர்டே இல்லாத வைஃபை அபூர்வம். ஆனால் ஊரறிந்த பாஸ்வேர்டு, வருஷக்கணக்கில் மாற்றாத பாஸ்வேர்டு, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டு எல்லாம் வீட்டுக்கு வீடு இருக்கின்றன.

பெட்டியைத் தொடுவதற்கு முன்

முதலில் வீட்டில் எத்தனை பெட்டி என்று பாருங்கள். ஃபைபர் வயர் வந்து சேரும் பெட்டியே வைஃபையும் தருவது இப்போது வழக்கம். சில வீடுகளில் ஃபைபர் பெட்டி தனியாகவும், வைஃபை தரும் ரவுட்டர் தனியாகவும் இருக்கும். சில சமயம் இரண்டுமே வைஃபை ஒளிபரப்பும். நீங்கள் ஒன்றை மட்டும் பூட்டிவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள். மற்றது பழைய பாஸ்வேர்டோடு அலமாரி மேல் மின்னிக்கொண்டிருக்கும். தேவைப்படாத பெட்டியில் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன ரவுட்டரை வீட்டுக்காரர் "இதையே வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்தால், அதைப் பழைய நிலையிலேயே மாட்ட வேண்டாம். அதில் என்னென்ன மாற்றி வைத்திருக்கிறார்கள், யார் யாரிடம் பாஸ்வேர்டு இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பின்புறம் ஊசி நுழையும் அளவில் ஒரு ரீசெட் துளை இருக்கும். பெட்டி ஓடும்போது அதில் ஒரு ஊக்கை விட்டுப் பத்து விநாடிபோல அழுத்திப் பிடித்தால், எல்லா விளக்கும் ஒருமுறை அணைந்து எரியும். பெட்டி கடையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நெட் நிறுவனம் மாட்டிய ஃபைபர் பெட்டியில் யோசிக்காமல் ரீசெட் அழுத்தாதீர்கள். பல இணைப்புகளுக்கு பிபிபிஓஇ என்ற முறையில் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உள்ளே பதிந்திருக்கும். ரீசெட் செய்தால் அது அழிந்து, நெட்டும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் இப்படி ஆனால் ஆள் வர மறுநாளோ அதற்கு மறுநாளோ ஆகும். திங்கள் காலை வீட்டிலிருந்து வேலை என்றால் கேட்கவே வேண்டாம். அந்த விவரத்தை முதலிலேயே வாடிக்கையாளர் சேவையில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் தெருவுக்கு நெட் தருபவர் உள்ளூர் கேபிள்காரர் என்றால் வாட்ஸ்அப்பில் கேட்டாலே அனுப்பிவிடுவார்.

பெட்டிக்குள் நுழைவது

போனை வீட்டு வைஃபையில் இணையுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் சில போன்கள் பக்கத்தை டேட்டா வழியாகத் தேடிப் போய்த் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடியுங்கள். ஜியோ ஃபைபர் பெட்டிக்கு 192.168.29.1. எது சரி என்று தெரியாவிட்டால் போனில் வைஃபை பெயரைத் தொட்டு விவரத்தைத் திறங்கள். 'கேட்வே' அல்லது 'ரவுட்டர்' என்ற வரியில் எந்த எண் இருக்கிறதோ அதுதான். கூகுள் தேடல் கட்டத்தில் அடிக்காதீர்கள், போலி உதவிப் பக்கங்கள் நிறைய வந்து விழும். "இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று பிரவுசர் பயமுறுத்தலாம். அந்தப் பக்கம் உங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்தே வருகிறது, பயப்படாமல் தொடரலாம்.

உள்ளே போகக் கேட்கும் பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். பல பெட்டிகளில் இரண்டுமே 'அட்மின்' என்பதுதான். சில நிறுவனங்கள் எல்லாப் பக்கத்தையும் நமக்குக் காட்டாது. அப்போது அவர்களுடைய ஆப்பில் மாற்ற முடிவதை அங்கே மாற்றுங்கள், மீதியை வாடிக்கையாளர் சேவையில் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள்.

முதல் பூட்டு, எல்லோரும் விட்டுவிடும் பூட்டு

இங்கே இரண்டு பாஸ்வேர்டுகள் இருக்கின்றன. ஒன்று வைஃபையில் சேர்வதற்கு. மற்றது இப்போது நீங்கள் போட்டீர்களே, பெட்டிக்குள் நுழைவதற்கு. பெரும்பாலானவர்கள் முதலாவதை மட்டும் மாற்றுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். வைஃபையில் சேர்ந்தவர் உங்கள் நெட்டைப் பயன்படுத்துவார், அவ்வளவுதான். பெட்டிக்குள் புகுந்தவரோ உங்கள் நெட் எங்கே போக வேண்டும் என்பதையே மாற்றலாம்.

எப்படி என்றால், நீங்கள் வங்கியின் பெயரை அடித்ததும் அது எந்த எண்ணில் இருக்கிறது என்று டிஎன்எஸ் சர்வர் ஒன்றிடம் ரவுட்டர் கேட்கிறது. அந்த சர்வரின் முகவரி ரவுட்டருக்குள் ஒரு வரியாக இருக்கிறது. அதை மாற்றிவிட்டால் வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளையும் போலிப் பக்கத்துக்குத் திருப்ப முயலலாம். பிரேசிலில் 2011, 2012 வாக்கில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மோடம்களில் இதைத்தான் செய்தார்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல் (கெடுதல் செய்யும் மென்பொருள்) இணையத்தில் கண்ணில் பட்ட கேமரா, ரவுட்டர் ஒவ்வொன்றிலும் கடையிலிருந்து வந்த பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளைப் போட்டுப் பார்த்தது. அதனிடம் இருந்த பட்டியல் வெறும் அறுபது சொச்சம் ஜோடிகள். அதை வைத்தே லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது. அந்தப் படையைக் கொண்டு அதே வருஷம் அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்களைப் பல மணி நேரம் முடக்கினார்கள். கருவிக்குச் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது.

'சிஸ்டம்' அல்லது 'மேனேஜ்மென்ட்' என்ற பகுதியில் இந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். அடிக்கடி தேவைப்படாது என்பதால் மறந்துபோகும். ஒரு நோட்டில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். இதைக் காகிதத்தில் எழுதுவது தவறே இல்லை. உங்கள் பீரோவைத் திறக்க முடிந்தவருக்கு உங்கள் ரவுட்டர் தேவைப்படாது.

பூட்டின் வகை

'வயர்லெஸ் செக்யூரிட்டி' பகுதியில் சில பெயர்கள் வரிசையாக நிற்கும். டபிள்யூஇபி என்பதன் ஓட்டைகள் 2001-லேயே வெளியாகிவிட்டன, அதைத் தொடவே வேண்டாம். டபிள்யூபிஏ 2003-இல் வந்த தற்காலிக ஏற்பாடு. டபிள்யூபிஏ2 என்பது 2004-இல் வந்தது, இன்றும் பயன்படும். அதில் 'ஏஇஎஸ்' என்று இருப்பதை எடுங்கள், 'டிகேஐபி' வேண்டாம். டபிள்யூபிஏ3 என்பது 2018-இல் வந்தது. பெட்டியிலும் எல்லாக் கருவிகளிலும் அது இருந்தால் அதுதான் சிறந்தது. பழைய போனோ மலிவான ஸ்மார்ட் பல்போ சேர மறுத்தால் 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' என்ற கலப்பு நிலையில் வையுங்கள்.

வைஃபை பாஸ்வேர்டு

நம் வீடுகளில் வழக்கமாக இருப்பவை மூன்று: அப்பாவின் மொபைல் எண், குழந்தையின் பெயரோடு பிறந்த வருஷம், ஃபிளாட் எண்ணோடு சொசைட்டியின் பெயர். பத்து இலக்கம் இருக்கிறதே, மொபைல் எண்ணை யார் கண்டுபிடிக்க முடியும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

டபிள்யூபிஏ2-இல் உங்கள் போன் ரவுட்டரோடு சேரும்போது இரண்டும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. மாடிப்படியில் உட்கார்ந்திருப்பவர் அதைக் காற்றிலிருந்து பதிவு செய்துகொள்ள முடியும். அப்புறம் அவர் உங்கள் கட்டடத்துப் பக்கமே வரத் தேவையில்லை. தன் கணினியில் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டு, அந்தப் பதிவோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே போகலாம். நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு 10 லட்சம் பாஸ்வேர்டுகள்போல இப்படிப் பார்க்கும். நம் நாட்டு மொபைல் எண்கள் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்குவதால் மொத்தச் சாத்தியம் 400 கோடிதான். வகுத்துப் பாருங்கள், 4000 நொடி. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பெயரும் பிறந்த வருஷமும் அதைவிடச் சீக்கிரம் விழும்.

டபிள்யூபிஏ3 இந்தப் பதிவு செய்து பார்க்கும் வேலையைத் தடுக்கிறது. அதனால்தான் முடிந்தால் அதை எடுக்கச் சொன்னேன். கலப்பு நிலையில் டபிள்யூபிஏ2 வழியாகச் சேரும் கருவிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஆகவே எப்படி இருந்தாலும் பாஸ்வேர்டு வலுவாக இருக்க வேண்டும்.

நான் எல்லோருக்கும் சொல்லும் வழி இது. கையில் கிடைக்கும் தமிழ் வாரப் பத்திரிகையை எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து இடங்களில் பக்கத்தைப் புரட்டி விரல் வையுங்கள். விரல் பட்ட ஐந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். 'நெத்திலி ஜன்னல் வரப்பு மாமியார் சாயம்' என்பது போல ஏதாவது வரும். (இதையே எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.) 2000 சொற்களிலிருந்து இப்படிக் குருட்டாம்போக்கில் ஐந்து எடுத்தால் 320 கோடி கோடி சேர்க்கைகள். அதே கிராபிக்ஸ் கார்டு ஆயிரம் வருஷம் ஓட வேண்டும். சொற்களை நீங்களே யோசித்து எடுக்காதீர்கள், மனசு எப்போதும் பழகிய பாதையில்தான் போகும். பாட்டு வரி, பழமொழி, சாமி பெயர் வேண்டாம். 8 முதல் 63 எழுத்து வரை இடம் இருக்கிறது, நீளத்துக்குக் கவலைப்படாதீர்கள். ஆங்கிலத்தில் தமிழை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுவோம் என்பதால், நீங்கள் போட்ட எழுத்துக்கூட்டலையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்.

வைஃபையின் பெயரில் உங்கள் பெயரோ ஃபிளாட் எண்ணோ வேண்டாம். பெட்டியோடு வந்த பெயரையும் மாற்றிவிடுங்கள், அது எந்த நிறுவனத்துப் பெட்டி என்று காட்டிக்கொடுக்கும். பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வார்கள். தேடத் தெரிந்தவருக்கு மறைத்த பெயர் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். உங்களுக்குத்தான் ஒவ்வொரு கருவியிலும் அடிக்கும் சிரமம்.

அணைக்க வேண்டியவை

டபிள்யூபிஎஸ். பாஸ்வேர்டு அடிக்காமல் எட்டு இலக்க எண்ணிலோ பொத்தானை அழுத்தியோ கருவிகளைச் சேர்க்கும் வசதி. 2011 டிசம்பரில் இதன் கோளாறு அம்பலமானது. எட்டு இலக்கத்தில் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. அதோடு ரவுட்டர் முதல் நான்கைத் தனியாகவும் மீதியைத் தனியாகவும் சரிபார்க்கிறது. அதனால் ஒரு கோடி முயற்சி தேவைப்பட வேண்டிய இடத்தில் 10,000-மும் 1,000-மும் சேர்த்து 11,000 முயற்சி போதும். பிறகு வந்த பெட்டிகளில் தவறான முயற்சிகளுக்குத் தடை போட்டார்கள். ஆனாலும் ஐந்து சொல்லில் பூட்டிய கதவுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு சின்ன வாசல் எதற்கு? அணைத்துவிடுங்கள்.

'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்பது வெளியிலிருந்து இணையம் வழியாக உங்கள் பெட்டியின் பக்கத்தைத் திறக்க விடுவது. வீட்டுக்கு அது தேவையே இல்லை. பெட்டிக்குக் கட்டளை அனுப்பும் பழைய வழியான 'டெல்நெட்' அங்கே தெரிந்தால் அதையும் அணையுங்கள். 'யுபிஎன்பி' என்பது வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் தாமாகவே வெளியுலகுக்கு வழி திறந்துகொள்ள விடும். சில விளையாட்டுக் கன்சோல்களுக்கு அது வேண்டியிருக்கும். அப்படி எதுவும் இல்லாவிட்டால் அணைப்பது நல்லது. வாசலில் கேமரா மாட்ட வருபவர் ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' (வெளியிலிருந்து நேராகக் கேமராவுக்கு வழி திறப்பது) செய்ய வேண்டும் என்றால், எதற்கு என்று கேளுங்கள். இப்போதைய கேமராக்கள் பெரும்பாலும் அது இல்லாமலே ஆப்பில் ஓடும்.

இதோடு ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள் ஓடும் மென்பொருளின் புதுப்பிப்பு. 2017 அக்டோபரில் டபிள்யூபிஏ2-இலேயே 'க்ராக்' என்ற பெரிய கோளாறு வெளியானது. புதுப்பித்தவர்களுக்கு அது அடைபட்டது, புதுப்பிக்காத பழைய கருவிகளுக்கு இன்னும் திறந்திருக்கிறது. நெட் நிறுவனம் கொடுத்த பெட்டியை வழக்கமாக அவர்களே தூரத்திலிருந்து புதுப்பிப்பார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரவுட்டர் என்றால் 'ஆட்டோ அப்டேட்' இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் சில மாதத்துக்கு ஒருமுறை நீங்களே பார்க்க வேண்டும். தயாரித்த நிறுவனம் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்ட பெட்டியை மாற்றிவிடுவதே மேல்.

விருந்தாளி வைஃபை

ஊரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்து இறங்கினால் முதல் கேள்வி பாஸ்வேர்டு என்ன என்பதுதான். இல்லை என்று சொல்லவா முடியும்? அதற்குத்தான் பல ரவுட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' இருக்கிறது. தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. அதில் சேர்ந்தவர்களுக்கு நெட் கிடைக்கும், உங்கள் லேப்டாப்போ பிரிண்டரோ ரவுட்டர் பக்கமோ தெரியாது. கொடுத்த பாஸ்வேர்டு ஒருவரோடு நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் ஒரு க்யூஆர் படத்தைக் காட்டினால் அடுத்தவர் சேர்ந்துவிடலாம்.

ஸ்மார்ட் பல்பு, கேமரா, ஏசி போன்றவற்றையும் இந்த விருந்தாளிப் பக்கம் வைப்பது நல்லது. அவற்றுக்குப் புதுப்பிப்புகள் வருவது அபூர்வம். டிவியை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். டிவி அங்கேயும் போன் இங்கேயும் இருந்தால் போனிலிருந்து டிவியில் படம் போட முடியாது. எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாம் டிவியை முக்கிய வைஃபையிலேயே வைக்கச் சொல்கிறேன். இல்லையென்றால் பாட்டி சீரியல் நேரத்தில் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிடுவார்கள்.

அறைத் தோழர்கள் மாறும்போது

மும்பையில் தனியாக வாடகை கட்ட முடியாமல் மூன்று நான்கு பேர் சேர்ந்து இருப்பது சாதாரணம். இணைப்பு ஒருவர் பெயரில்தான் இருக்கும். அந்த ஒருவர் நீங்கள் என்றால், ரவுட்டர் பாஸ்வேர்டை உங்களிடம் மட்டும் வையுங்கள். இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை, விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தானே. ஒருவர் காலி செய்துகொண்டு போன அன்றே வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். போனவர் எவ்வளவு நல்லவர் என்பதல்ல விஷயம்; அவருடைய பழைய போன் நாளை யார் கைக்குப் போகும் என்று அவருக்கே தெரியாது.

மாதம் ஒருமுறை ரவுட்டர் பக்கத்தில் 'கனெக்டட் டிவைசஸ்' பட்டியலைப் பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் உடனே பதற வேண்டாம். சில வருஷங்களாக வரும் போன்கள் தங்கள் உண்மையான வன்பொருள் முகவரியை (தயாரிக்கும்போதே கருவிக்குக் கொடுத்த எண்) காட்டாமல் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு தற்செயல் முகவரியைக் காட்டுகின்றன. வீட்டிலுள்ள கருவிகளில் வைஃபையை ஒவ்வொன்றாக அணைத்து, பட்டியலில் எது மறைகிறது என்று பாருங்கள். நீங்கள் பட்டியலைப் பார்க்கும் கருவி தவிர எல்லாவற்றையும் அணைத்த பிறகும் வேறு ஒன்று நிற்கிறது என்றால் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதுவும் தானாக விழுந்துவிடும். முகவரியை வைத்து ஆட்களை அனுமதிக்கும் 'மேக் ஃபில்டர்' வேலையில் இறங்காதீர்கள். அந்த முகவரியை நகலெடுப்பது எளிது.

உங்கள் இணைப்பை யாரோ தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று உறுதியான சந்தேகம் வந்தால், பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அதன் பிறகு பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யலாம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். கணினியில் தீநிரல் இருக்கும் என்று தோன்றினால் மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் இலவசக் கருவிகள் கிடைக்கின்றன.

வீட்டைக் காலி செய்யும்போது

லாரி வந்து நிற்கும் பரபரப்பில் ரவுட்டரை அப்படியே சுவரில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அடுத்து வருபவர் அதையே பயன்படுத்தத் தொடங்கினால், கணக்கு உயிரோடு இருக்கும் வரை அவர் செய்வதெல்லாம் உங்கள் பெயரில்தான் போகும். காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பே இணைப்பை ரத்து செய்யவோ புது முகவரிக்கு மாற்றவோ எழுதிக் கொடுங்கள். நிறுவனத்துப் பெட்டியை ரீசெட் செய்து திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். இந்த ரீசெட்டால் நெட் போனால் போகட்டும், இனி அது உங்களுக்கு வேண்டாம். கணக்கு மூடப்பட்டது என்ற மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ வரும் வரை விடாமல் கேளுங்கள். வந்ததும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.